கிரான் ரெசெர்வா என்னும் மாயை (ஸ்பெயின் ரெட் ஒயின்: ஆரம்பநிலையினருக்கு ஒரு சண்டைப் பாடம்)

டிஸ்கி: இது யாரையும் குடிக்கச் சொல்லும் பதிவு இல்லை. குடிக்காதவர்கள் இதை ஒரு விவசாயக் கட்டுரையாக நினைத்துப் படிக்கலாம். பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கும்.

போன வருடம் டிசம்பரில் எங்கள் பேராசிரியை எங்கள் நாலு பேரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். சரகோசாவுக்குப் படிக்க வந்து மூணு மாசம்தான் ஆகியிருந்தது. வெறுங்கையோடு போகக்கூடாது இல்லையா? ஆளுக்கு ரெண்டு யூரோ போட்டோம். மொத்தம் எட்டு யூரோ. சூப்பர் மார்க்கெட்டில் ஒயின் வரிசைக்கு முன்னால் நாலு பேரும் கால் மணி நேரம் நின்றோம். நான்தான் பெரிய ஆள் மாதிரி தீர்ப்பு சொன்னேன். முந்தின நாள் ராத்திரி இணையத்தில் ஒரு கையேடு படித்திருந்தேன். "கிரியான்சா நல்லது, ரெசெர்வா அதைவிட நல்லது, கிரான் ரெசெர்வா எல்லாவற்றையும் விட நல்லது" என்று ஏணிப் படம் எல்லாம் போட்டிருந்தார்கள். அந்த வரிசையில் ஒரு கிரான் ரெசெர்வா இருந்தது. பாட்டிலைச் சுற்றித் தங்க நிறக் கம்பி வலை, பழைய கோட்டை படம், ஏழு வருடத்துக்கு முந்தைய அறுவடை. விலை 7 யூரோ 50 சென்ட். "டேய், இந்த விலைக்கு இது கிடைக்கிறதே அதிர்ஷ்டம்" என்றேன். மிச்சம் 50 சென்டுக்கு ஒரு பை வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

பேராசிரியை நல்ல மனுஷி. முகம் சுளிக்காமல் எல்லோருக்கும் ஊற்றினார். ஒரு வாய் குடித்தேன். நனைந்த மரப்பலகையில் வெனிலா எசென்ஸ் ஊற்றி, மேலே கொஞ்சம் புளிப்பு தெளித்த மாதிரி இருந்தது. பழம் என்று ஒன்று அதில் எப்போதாவது இருந்ததா என்றே சந்தேகம். யாரும் எதுவும் பேசவில்லை.

அப்புறம் அவர் எழுந்து போய், சமையலறையிலிருந்து இன்னொரு பாட்டில் கொண்டுவந்தார். லேபிளில் கோட்டையும் இல்லை, கம்பி வலையும் இல்லை. ரெசெர்வா, கிரியான்சா எந்தப் பட்டமும் இல்லை. கர்னாச்சா என்றும் ஓர் ஊர்ப் பெயரும் மட்டும்தான். "எங்க அப்பா ஊர்ப் பக்கத்து ஒயின். அஞ்சு யூரோ" என்றார். ஊற்றினதும் மேசையில் பேச்சு திரும்பி வந்தது. நாலு பேரும் ரெண்டாவது கிளாஸ் கேட்டோம்.

அன்றைக்கு ராத்திரி எனக்கு வந்த கோபம் அந்தக் கடை மேல் இல்லை, ஏணிப் படம் போட்ட அந்தக் கையேட்டின் மேல். அதன் பிறகு நிறையப் படித்தேன், கொஞ்சம் குடித்தேன். இப்போது கோபம் இன்னும் அதிகம். ஆரம்பநிலையினருக்கு ஸ்பெயின் ரெட் ஒயினை அறிமுகம் செய்கிறேன் என்று கிளம்புகிறவர்களில் பலர், முதல் பாடத்திலேயே ஒரு தப்பைச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு. அந்தத் தப்புக்கு விலை கொடுப்பது நம் நாக்கு மட்டும் இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த ஏணி உண்மையில் என்ன?

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். ஸ்பெயின் முழுமைக்குமான குறைந்தபட்ச விதி இது. சிவப்பு ஒயின் கிரியான்சா என்று பெயர் வாங்க வேண்டுமானால் மொத்தம் 2 வருடம் முதிர வேண்டும், அதில் 6 மாதமாவது ஓக் பீப்பாயில். ரெசெர்வாவுக்கு 3 வருடம், பீப்பாயில் 1 வருடம். கிரான் ரெசெர்வாவுக்கு 5 வருடம், பீப்பாயில் 18 மாதம். மிச்சக் காலம் பாட்டிலிலேயே கழியலாம். எந்தப் பட்டமும் இல்லாத இளசு ஒயினுக்கு ஹோவென் என்று பெயர்.

வடக்கே ரியோஹாவில் விதி கொஞ்சம் கடுமை. கிரியான்சாவுக்கே 1 வருடம் பீப்பாயில் இருக்க வேண்டும். பீப்பாயும் 225 லிட்டர் அளவு. கிரான் ரெசெர்வாவுக்கு 5 வருடத்தில் 2 வருடம் பீப்பாய், 2 வருடம் பாட்டில். பாட்டிலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சின்ன முத்திரையின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். பச்சை என்றால் பட்டமில்லாதது, சிவப்பு என்றால் கிரியான்சா, கருஞ்சிவப்பு என்றால் ரெசெர்வா, நீலம் என்றால் கிரான் ரெசெர்வா.

மேலே சொன்னதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். எல்லாமே காலண்டர் கணக்கு. திராட்சை எந்த மலையில் விளைந்தது, கொடிக்கு 8 வயசா 80 வயசா, ஆற்றோரச் சமவெளியா சரிவா என்று ஒரு வார்த்தை கூட இல்லை. ரியோஹாவில் ஒரு ஹெக்டேரில் அதிகபட்சம் 6,500 கிலோ சிவப்புத் திராட்சை எடுக்கலாம் என்று ஒரு வரம்பு இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் அந்த வரம்பு மூணு யூரோ ஹோவெனுக்கும் ஒன்றுதான், நீல முத்திரை கிரான் ரெசெர்வாவுக்கும் ஒன்றுதான். பீப்பாய் புதுசா பழசா என்பதும் தயாரிப்பாளர் இஷ்டம்.

ஆக, கிரான் ரெசெர்வா என்றால் "இந்த ஒயின் 5 வருடம் காத்திருந்தது" என்று அர்த்தம், அவ்வளவுதான். ஒருவர் ஒரு கல்லூரியில் 5 வருடம் இருந்தார் என்று சான்றிதழ் காட்டினால், அவர் பெரிய படிப்பாளி என்றும் எடுத்துக்கொள்ளலாம், அரியர் வைத்தவர் என்றும் எடுத்துக்கொள்ளலாம். (என் சீனியர்கள் மன்னிக்கவும்.)

அந்தத் தங்கக் கம்பி வலை பற்றியும் ஒரு வார்த்தை. அது முதலில் வந்தது திருட்டைத் தடுக்க. புகழ்பெற்ற ஒயினின் காலி பாட்டிலில் மட்டமான சரக்கை ஊற்றி விற்பவர்கள் இருந்தார்கள். வலையை அறுக்காமல் கார்க்கை எடுக்க முடியாது என்பதால் அந்தப் பாதுகாப்பு. இன்றைக்கு அது வெறும் நகை. போலியைத் தடுக்க வந்த வலையைப் பார்த்தே நான் ஏமாந்தேன் என்பதை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

இது எங்கிருந்து வந்தது?

19ஆம் நூற்றாண்டு. ரியோஹாவில் முர்ரியேத்தா பிரபு 1852-லும் ரிஸ்கால் பிரபு 1858-லும் ஒயின் நிறுவனங்களைத் தொடங்குகிறார்கள். இருவருக்கும் பிரான்சின் போர்தோ நகரத்து முறைதான் முன்மாதிரி. சின்ன ஓக் பீப்பாயில் ஒயினை முதிர வைப்பது அங்கிருந்து வந்த பழக்கம். அப்புறம் பிலாக்செரா என்ற பூச்சி பிரான்சின் கொடிகளை வேரோடு தின்ன ஆரம்பித்தது. விற்க ஒயின் இல்லாமல் தவித்த பிரெஞ்சு வியாபாரிகள் எல்லை தாண்டி ரியோஹாவுக்கு வந்தார்கள். ஆரோ என்ற சின்ன ஊரின் ரயில் நிலையத்தைச் சுற்றி வரிசையாக ஒயின் நிறுவனங்கள் முளைத்தன. லோபெஸ் தெ எரேதியா 1877, குனே 1879, லா ரியோஹா ஆல்தா 1890. இன்றைக்கும் அந்த ரயில்வே ஸ்டேஷன் பேட்டை அப்படியே இருக்கிறது. கடைசியில் நூற்றாண்டு முடியும் தறுவாயில் அந்தப் பூச்சி ரியோஹாவுக்கும் வந்து சேர்ந்தது என்பது தனிக் கதை.

தோட்டத்துக்கு நடுவில் வைக்காமல் ஏன் ரயில் நிலையத்தைச் சுற்றி வைத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தொழிலின் மையம் ஏற்றுமதி. பல ஊர்களிலிருந்து பல விவசாயிகளின் திராட்சையையும் ஒயினையும் வாங்கி, கலந்து, பீப்பாயில் போட்டு முதிரவைத்து, ரயிலில் ஏற்றி அனுப்புவது. அந்த முறையில் மதிப்பு எங்கே உண்டாகிறது? கிடங்கில். அதனால் லேபிளில் பெருமையாகப் போடுவதற்குக் கிடைத்த வார்த்தையும் கிடங்கின் வார்த்தைதான். நிலத்தைப் பற்றிச் சொல்ல அந்த வியாபாரிகளுக்குத் தேவையும் இல்லை, லாபமும் இல்லை.

இதில் சதி எதுவும் இல்லை. அந்தக் காலத்துக்கு அது சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வியாபாரிக்கு வசதியாக இருந்த அளவுகோலை, நாம் ஏன் சுவையின் அளவுகோல் என்று தலைமேல் வைத்துக்கொள்ள வேண்டும்?

கர்னாச்சாவுக்கு நடந்த அநியாயம்

சரி, அந்த ஏணி எல்லாத் திராட்சைக்கும் பொதுவாகவாவது நியாயமாக இருக்கிறதா? அதுவும் இல்லை. இங்கேதான் திராட்சை வகைகள் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்பெயினின் ராஜா டெம்ப்ரானியோ. ஸ்பானிஷில் 'தெம்ப்ரானோ' என்றால் சீக்கிரம் என்று அர்த்தம், சீக்கிரம் பழுப்பதால் அந்தப் பெயர். ரியோஹாவின் சிவப்புக் கொடிகளில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் இதுதான். ஊருக்கு ஒரு பெயரில் திரியும். ரிபேரா தெல் துவெரோவில் தின்தோ ஃபீனோ, தோரோவில் தின்தா தெ தோரோ, லா மான்சாவில் சென்சிபெல், கட்டலோனியாவில் முயல் கண் என்று பொருள்படும் ஊல் தெ யெப்ரே. இதற்கு நல்ல துவர்ப்பும் நிதானமான புளிப்பும் உண்டு. ஓக் மரத்தோடு ஒத்துப்போகும். பீப்பாயில் ரெண்டு வருடம் இருந்தாலும், நல்ல திராட்சையாக இருந்தால் தாக்குப்பிடிக்கும்.

கர்னாச்சா வேறு ஜாதி. வெயில் தாங்கும், வறட்சி தாங்கும். எங்கள் எப்ரோ பள்ளத்தாக்கில் அடிக்கும் சியெர்சோ என்ற வடமேற்குக் காற்று ஆளையே தள்ளிவிடும், அதையும் தாங்கும். தாமதமாகப் பழுக்கும், சர்க்கரை ஏறும், ஆல்கஹால் 14, 15 சதவீதம் சாதாரணம். ஆனால் தோல் மெல்லிசு, துவர்ப்பு குறைவு. முக்கியமாக, காற்று பட்டால் சீக்கிரம் கெட்டுப்போகும் குணம் அதற்கு. நறுக்கி வைத்த ஆப்பிள் கறுத்துப்போகிற மாதிரி, நிறமும் பழ மணமும் போய்விடும். சின்ன பீப்பாய் என்பது மரத்தின் வழியாக ஒயினுக்குள் மெதுவாகக் காற்று போகும் ஏற்பாடு. அதில் கர்னாச்சாவை வருடக்கணக்கில் அடைத்து வைத்தால் என்ன ஆகும்?

அதாவது, ஓடுவதில் மட்டும் போட்டி வைத்துவிட்டு, நீச்சல்காரனைப் பார்த்து "நீ ரெண்டாம் தரம்" என்கிறோம். பல வருடம் கர்னாச்சாவை மலிவுச் சரக்கு, கலப்படத்துக்கு ஆகும் சரக்கு என்று ஒதுக்கிவைத்ததில் இந்த ஏணிக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி.

இதற்கு உதாரணம் கட்டலோனியாவின் பிரியோராத். 12ஆம் நூற்றாண்டில் துறவிகள் மடம் கட்டிய மலைப்பகுதி. லியிகோரெய்யா என்ற கறுப்புப் பலகைக்கல் மண். 1980-களில் ஆட்கள் விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்த இடம். ரெனே பார்பியேவும் அல்வாரோ பலாசியோஸும் இன்னும் சிலரும் அங்கே போய், 1989 அறுவடையில் கூட்டாக ஒயின் செய்தார்கள். கைக்குக் கிடைத்தது யாரும் மதிக்காத கிழட்டு கர்னாச்சா, கரின்யேனா கொடிகள். இன்றைக்கு ஸ்பெயினின் மிக விலை உயர்ந்த ஒயின்களில் ஒன்று அங்கே விளையும் லெர்மிதா. அது பெயர் வாங்கியது தோட்டத்தின் பெயரால், ரெசெர்வா பட்டத்தால் இல்லை. ஸ்பெயினில் ரியோஹாவுக்கு அடுத்து உச்சத் தகுதி பெற்ற ஒரே பகுதியும் பிரியோராத்தான். ஏணியில் ஏறாமலேயே மாடிக்குப் போய்விட்டார்கள்.

எதிர்க்கட்சிக்கும் பேச நேரம் கொடுப்போம்

முதல் ஆட்சேபம்: "மட்டமான திராட்சையை எவன் 5 வருடம் காத்து வைப்பான்? காத்து வைக்கிறான் என்றாலே நல்ல திராட்சை என்று அர்த்தம்."

நல்ல நிறுவனங்கள் விஷயத்தில் இது உண்மை. மனசார ஒத்துக்கொள்கிறேன். ஆரோவின் லோபெஸ் தெ எரேதியா, லா ரியோஹா ஆல்தா போன்றவர்கள் சட்டம் கேட்பதைவிடப் பல வருடம் அதிகம் காத்திருந்துதான் கிரான் ரெசெர்வாவை வெளியே விடுகிறார்கள். நல்ல வருடங்களில் மட்டுமே செய்கிறார்கள். அந்த மாதிரி ஒன்றை ஒரே ஒரு முறை ஒரு விருந்தில் ஒரு வாய் குடித்திருக்கிறேன். காய்ந்த அத்திப்பழம், பழைய சுருட்டுப் பெட்டி, மழை பெய்த காடு என்று வாசனை மாறிக்கொண்டே இருந்தது. அதற்கு ஒரு கும்பிடு. ஆனால் கவனியுங்கள், அங்கே நமக்கு உத்தரவாதம் தருவது அந்த நிறுவனத்தின் பெயர். லேபிளில் இருக்கும் பட்டம் இல்லை. அதே பட்டத்தை என் 7 யூரோ 50 சென்ட் பாட்டிலும் சட்டப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. விற்காமல் தேங்கின சரக்குக்கும் வயசாகும்.

ரெண்டாவது ஆட்சேபம்: "நமக்காக அவர்களே முதிரவைத்துத் தருகிறார்களே, அது நல்லதுதானே? பிரெஞ்சு ஒயின் வாங்கினால் நாமே பத்து வருடம் பாதுகாக்க வேண்டும்."

இதுவும் உண்மை. ஸ்பெயின் மரபின் உண்மையான பெருமை இதுதான். முதிர்ந்த ஒயின் பிடித்தவர்களுக்கு கிரான் ரெசெர்வா ஒரு நல்ல தகவல். நான் சொல்வதும் அதைத்தான்: அது தகவல், மதிப்பெண் இல்லை. ஊறுகாயில் ஆவக்காயும் உண்டு, வடுமாங்காயும் உண்டு. ரெண்டு வருடம் ஊறினது நேற்றுப் போட்டதைவிட உயர்ந்தது என்று யாராவது தராசு போடுவார்களா? அவரவர் நாக்கு, அன்றைய சாப்பாடு.

மூணாவது ஆட்சேபம்தான் எனக்கு ரொம்ப எரிச்சல்: "ஆரம்பநிலையினருக்கு இவ்வளவு சொன்னால் குழப்பம். எளிமையாக ஏணியைச் சொல்லிவிடுவோம்."

எளிமை என்பதற்காகத் தப்பான வழி சொல்வது உதவி இல்லை. சென்ட்ரலுக்கு வழி கேட்டவனிடம், விளக்குவது கஷ்டம் என்று எக்மோரைக் காட்டுகிற மாதிரி. அதுவும் தவிர, சரியான வழியும் அவ்வளவு கஷ்டம் இல்லை. ரெண்டே கேள்வி: என்ன திராட்சை? எந்த ஊர்?

அப்படியானால் எங்கே ஆரம்பிப்பது?

என் சிபாரிசு வரிசை இது. எல்லாமே இங்கே மாணவன் பைக்குள் அடங்கும் விலையில் கிடைக்கும். ஒரே நாளில் இல்லை, நாலைந்து மாசத்தில், நண்பர்களோடு பகிர்ந்து.

முதலில் ரியோஹா ஹோவென். முடிந்தால் ரியோஹா ஆலவேசா பகுதியிலிருந்து. அங்கே விவசாயிகள் பழைய முறையில், திராட்சையைக் குலையோடு தொட்டியில் போட்டுப் புளிக்கவிடுவார்கள். மரமே படாத டெம்ப்ரானியோ எப்படி இருக்கும் என்று அதில் தெரியும். பழச்சாறு மாதிரி துள்ளும்.

ரெண்டாவது, அதே நிறுவனத்தின் கிரியான்சா. ரெண்டு பாட்டிலையும் செய்தித்தாளில் சுற்றி, எது எது என்று தெரியாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். வித்தியாசமாகத் தெரிகிற வெனிலா, தேங்காய் வாசனைதான் ஓக் பீப்பாய், அதிலும் ரியோஹாக்காரர்களுக்குப் பழக்கமான அமெரிக்க ஓக். இனிமேல் எந்த ஒயினிலும் மரத்தையும் பழத்தையும் தனித்தனியாகக் கண்டுபிடித்துவிடுவீர்கள். இந்த ஒரு பரிசோதனை பத்துக் கையேட்டுக்குச் சமம்.

மூணாவது, காம்போ தெ போர்ஹா அல்லது கலத்தாயூத் கர்னாச்சா. பேராசிரியை ஊற்றினது இந்த வகை. மொன்காயோ மலை அடிவாரம், கிழட்டுக் கொடிகள், தாராளமான பழம், உடம்பைச் சூடாக்கும்.

நாலாவது, வடமேற்கில் பியெர்சோவின் மென்சியா. மெலிசு, குளுமை, மலர் வாசனை. 1999-ல் ரிக்கார்தோ பெரெஸ் பலாசியோஸ் தன் மாமா அல்வாரோவோடு (பிரியோராத் அல்வாரோதான்) கொருயோன் என்ற மலைக் கிராமத்தில் வேலை தொடங்கிய பிறகுதான் வெளியுலகம் இதைத் திரும்பிப் பார்த்தது.

ஐந்தாவது, தென்கிழக்கில் ஹுமியாவின் மொனாஸ்ட்ரெல். கறுப்பு, கெட்டி, வெயில். கறிக்குழம்போடு பிரமாதமாகப் போகும் என்பது எங்கள் அறையில் நிரூபிக்கப்பட்ட உண்மை.

ஆறாவது, ஊத்தியெல் ரெக்கேனாவின் பொபால். (நம்ம போபால் இல்லை.) ரொம்ப காலம் நிறம் ஏற்றுவதற்காக டேங்கர் லாரியில் மொத்தமாக விற்கப்பட்ட திராட்சை. இப்போதுதான் தன் பெயரோடு பாட்டிலில் வர ஆரம்பித்திருக்கிறது.

ரெண்டு குறிப்பு. ஒன்று, 'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்பது குளிர்நாட்டு வீட்டு அறை, சுமார் 16, 17 டிகிரி. கோடையில் நம் அறை 30 டிகிரி என்றால் பாட்டிலை அரை மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். சூடான ரெட் ஒயினில் சாராய நெடிதான் முன்னால் வரும். ரெண்டு, கையேடுகள் சொல்லும் பிளாக்பெர்ரி, ராஸ்பெர்ரி எல்லாம் நம்மில் பாதிப் பேர் சாப்பிட்டதே இல்லை. அதற்காகத் தாழ்வு மனப்பான்மை வேண்டாம். டானின் என்றால் வாழைப்பூ நறுக்கிய பிறகு வாயில் போட்டால் இழுக்கும் துவர்ப்பு. நல்ல மென்சியாவில் எனக்கு நாவல்பழம் தெரிந்தது. அதைச் சொன்னால் இங்கே யாருக்கும் புரியவில்லை. அது அவர்கள் பிரச்சனை.

இதில் யாருக்கு நஷ்டம்?

கடைசியாகச் சொல்கிறேன் என்று சொன்ன விஷயம்.

அன்றைக்கு விருந்து முடிந்து பாத்திரம் கழுவும்போது பேராசிரியை தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவருக்கு மொன்காயோ அடிவாரத்தில் கர்னாச்சாத் தோட்டம். தாத்தா நட்ட கொடிகள். கிழட்டுக் கொடி காய்ப்பது கொஞ்சம்தான். ஆனால் கொள்முதல் கிலோ கணக்கில். சமவெளியில் சொட்டு நீர் போட்டு விளைந்த கிலோவும், மலையில் குனிந்து குனிந்து கையால் பறித்த கிலோவும் அவர் விற்ற இடத்தில் ஏறக்குறைய ஒரே விலை. பறிக்கும் கூலிக்கே சரியாகப் போனது. ஐரோப்பிய ஒன்றியம் உபரி ஒயினைக் குறைக்க, கொடியைப் பிடுங்கினால் பணம் தருகிறோம் என்று 2009 முதல் 2011 வரை ஒரு திட்டம் நடத்தியது. ஸ்பெயினில்தான் மிக அதிகமாகப் பிடுங்கினார்கள். அவர் அப்பாவும் பாதித் தோட்டத்தைப் பிடுங்கினார். "அன்னைக்கு ஒரு நாள் முழுக்க அவர் யார்கிட்டயும் பேசலை" என்றார்.

அந்தக் கொடிகள் போனதற்கு ஏணிப் படம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். விலை, சந்தை, ஆள் பற்றாக்குறை, எல்லாம் உண்டு. ஆனால் வாங்குகிறவன் லேபிளில் வயசை மட்டும் பார்த்துக் காசு கொடுக்கும்வரை, விற்கிறவன் நல்ல தோட்டத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க என்ன அவசியம்? 5 வருடம் கிடங்கில் வைத்தால் போதுமே, பட்டம் தானாக வந்துவிடும்.

இதை ஸ்பெயினுக்குள்ளேயே பலர் கேட்டாகிவிட்டது. 2015 கடைசியில் ஆர்த்தாதி என்ற முக்கியமான நிறுவனம், எங்கள் தோட்டங்களின் அடையாளத்துக்கு இங்கே இடமில்லை என்று ரியோஹா முத்திரையையே வேண்டாம் என்று விட்டு வெளியேறியது. அதன் பிறகு 2017-ல் ரியோஹா, தனித் தோட்டத்தின் பெயரைப் போட்டுக்கொள்ள ஒரு புதிய பிரிவைக் கொண்டுவந்தது. கொடிக்கு 35 வயசாவது ஆகியிருக்க வேண்டும், கையால் பறிக்க வேண்டும், ஹெக்டேருக்கு 5,000 கிலோவுக்கு மேல் கூடாது. பாருங்கள், முதல் முறையாகக் காலண்டரை விட்டுவிட்டு மண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள்! பியெர்சோவும் பிரியோராத்தும் கூட ஊர், தோட்டம் என்று வகைப்படுத்துகின்றன. மாற வேண்டியவர்கள் மாறத் தொடங்கிவிட்டார்கள். ஆரம்பநிலைக் கையேடு எழுதுகிறவர்கள்தான் இன்னும் அந்த ஏணியைக் கீழே வைக்கவில்லை.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கடையில் நிற்கும்போது "ரெசெர்வா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "தே தோந்தே சொன் லாஸ் ஊவாஸ்?" என்று கேளுங்கள். 'இந்தத் திராட்சை எந்த ஊர்?' என்று அர்த்தம். கடைக்காரருக்குப் பதில் தெரிந்தால் வாங்குங்கள். தெரியாவிட்டால் அடுத்த பாட்டிலைக் காட்டி அதே கேள்வியைக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அவரும் தெரிந்துகொள்வார்.

பி.கு: இந்த டிசம்பரிலும் பேராசிரியை கூப்பிட்டிருக்கிறார். இந்த முறை பாட்டில் தேர்வு செய்யும் பொறுப்பை நண்பர்கள் என்னிடம் தரவில்லை. என்ன வாங்கப் போகிறோம் என்று இன்னும் சண்டை போய்க்கொண்டிருக்கிறது. பிடுங்காமல் விட்ட அந்தப் பாதித் தோட்டத்துத் திராட்சை எந்த பாட்டிலுக்குள் போகிறது என்று அவரிடமே கேட்டு, அதை வாங்கலாம் என்று நான் சொல்லியிருக்கிறேன். ஓட்டெடுப்பு நாளைக்கு.